பிரேக் புடிக்கலன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க: ஆக்சிடென்ட்டுக்கு வண்டிதான் காரணமான்னு பாக்குறது எப்படி

சில வருஷம் முன்னாடி எங்க சித்தப்பா பையன் ஏற்காட்டுல இருந்து சேலத்துக்கு எறங்கி வந்துட்டு இருந்தான், 20 கொண்டை ஊசி வளைவுல முக்காவாசி தாண்டியாச்சு, திடீர்னு பிரேக் பெடல் பஞ்சு மாதிரி கீழ போயிடுச்சாம், என்ன பண்றதுன்னு தெரியாம மலைப் பக்கமா ஒடிச்சு பாறையில இடிச்சு நிறுத்திட்டான். நல்லவேளை பள்ளத்துப் பக்கம் ஒடிக்கல. எதிர்ல வந்த பைக்காரருக்கு கால் போச்சு, அதனால கேஸ் ஆச்சு. நாலு நாள் கழிச்சு பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) வந்து பெடல அமுக்கிப் பாத்தா கல்லு மாதிரி நிக்குது. "விபத்து வாகனத்தின் இயந்திரக் கோளாறினால் ஏற்பட்டதல்ல"ன்னு எழுதிட்டுப் போயிட்டார். இவன் பொய் சொல்லல, அவரும் கண்ணால பாத்ததைத்தான் எழுதினார், ஆனா நடந்தது என்னன்னு ரெண்டு பேருக்கும் தெரியல. அது ஏன்னு கீழ பிரேக் பத்தி வரும்போது சொல்றேன். அந்த கேஸுக்காக அலைஞ்சதுல கத்துக்கிட்டது, அப்புறம் தெரிஞ்சவங்க நாலஞ்சு பேருக்கு கூடப் போய் பாத்தது, எல்லாத்தையும் புதுசா மாட்டிக்கிட்டு முழிக்கிறவங்களுக்காக ஒரே இடத்துல எழுதி வெக்கிறேன்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன், கோவப்படாதீங்க. ஆக்சிடென்ட் ஆன எல்லாருமே "பிரேக் புடிக்கல சார்"னுதான் சொல்லுவாங்க, ஸ்டேஷன்ல இருக்கறவங்க அதை தினமும் கேட்டு கேட்டு காது புளிச்சுப் போனவங்க. நிஜமாவே வண்டியோட தப்பா இருக்குறது கொஞ்சம்தான். அதனால நீங்க நிரூபிக்கணும்னு கெளம்பாதீங்க, கண்டுபுடிக்கணும்னு கெளம்புங்க. வண்டி மேல தப்பு இல்லன்னு தெரிஞ்சாலும் அதுவும் ஒரு பதில்தான், வக்கீலுக்கும் கோர்ட்டுக்கும் வெட்டியா செலவு பண்றது மிச்சம்.

இதுல மொத்தமே ஒரே ஒரு கேள்விதான். அந்த பார்ட் இடிச்சதுக்கு முன்னாடி உடைஞ்சுதா, இடிச்சதுனால உடைஞ்சுதா? இடிச்ச வண்டியில டயர் வெடிச்சிருக்கும், ஸ்டியரிங் ராடு வளைஞ்சிருக்கும், ஆயில் ஒழுகும், எல்லாமே உடைஞ்சுதான் கெடக்கும், அதைப் பாத்துட்டு "பாருங்க இதுதான் காரணம்"னு குதிக்கக் கூடாது. கீழ நான் சொல்ற ஒவ்வொரு வேலையும் இந்த முன்னாடியா பின்னாடியாங்கறதுக்காகத்தான்.

ரோட்டுல, வண்டிய நகத்துறதுக்கு முன்னாடி

ஆளுங்களுக்கு அடிபட்டிருந்தா மொதல்ல 108, மத்ததெல்லாம் அப்புறம். நேஷனல் ஹைவேன்னா 1033க்கும் அடிக்கலாம், போலீஸுக்கு 112. அடிபட்டவங்கள அனுப்பினதுக்கு அப்புறம் நிதானமா இருக்குற ஒருத்தர், முடிஞ்சா வண்டி ஓட்டாத ஒருத்தர், போன எடுத்து போட்டோ, வீடியோ எடுக்க ஆரம்பிக்கணும். எல்லாரும் நொறுங்கின பம்பரத்தான் எடுப்பாங்க, அதுல ஒண்ணும் இல்ல, அதை எப்ப வேணா எடுக்கலாம். எடுக்க வேண்டியது ரோடு. வண்டி வந்த திசையில ஒரு 100 மீட்டர் பின்னாடி நடந்து போங்க, அங்க இருந்து வண்டி நிக்கிற எடம் வரைக்கும் நடந்துக்கிட்டே வீடியோ எடுங்க.

எதைப் பாக்கணும்னா, டயர் தேய்ஞ்ச கருப்புக் கோடு இருக்கா, எங்க ஆரம்பிக்குது, நேரா போகுதா வளையுதா, ரெண்டு பக்கமும் இருக்கா ஒரு பக்கம் மட்டும்தானா. நேரான அழுத்தமான கோடு இருந்தா சக்கரம் லாக் ஆகி இழுத்துட்டுப் போயிருக்குன்னு அர்த்தம், சக்கரம் லாக் ஆச்சுன்னா பிரேக் புடிச்சிருக்கு, அப்ப "பிரேக்கே இல்ல"ங்கற கதை அங்கயே முடிஞ்சுது. ஆனா கோடு இல்லன்னா பிரேக் புடிக்கலன்னு சொல்லிடவும் முடியாது, ஏபிஎஸ் (சக்கரம் லாக் ஆகாம பாத்துக்கற சிஸ்டம்) இருக்குற வண்டி நல்லா பிரேக் புடிச்சாலும் அவ்வளவா கோடு போடாது, கண்ணுக்குத் தெரியற மாதிரி இருந்தாலும் லேசாத்தான் இருக்கும், வெயில்ல ரெண்டு மணி நேரத்துல மத்த வண்டிங்க ஏறி ஏறி அழிஞ்சே போயிடும். வளைஞ்ச கோடா, உள்ள சாய்வா கீறல் கீறலா இருந்தா வண்டி வேகமா திரும்பி பக்கவாட்டுல சறுக்கியிருக்கு, அது பிரேக் கோடு இல்ல.

கோட்டோட நீளத்த காலடியால அளக்காதீங்க, டேப் வெச்சு அளங்க. கணக்கு ஈஸிதான்: மீட்டர்ல நீளத்த 254ஆல பெருக்கி, அதை 0.7ஆல பெருக்கி, வர்றதுக்கு வர்க்கமூலம் எடுத்தா கிலோமீட்டர்ல வேகம் வரும். 20 மீட்டர் கோடுன்னா கிட்டத்தட்ட 60. அந்த 0.7ங்கறது டயருக்கும் ரோட்டுக்கும் நடுவுல உள்ள பிடிப்பு, அது காஞ்ச தார் ரோட்டுக்கு, மழையில நனைஞ்சிருந்தா இன்னும் கம்மி. கோடு முடியற எடத்துல எதுலயாவது இடிச்சிருந்தா நெஜ வேகம் இந்தக் கணக்கை விட அதிகம்தான், ஏன்னா மிச்ச வேகத்த இடி வாங்கிக்கிட்டுது. ஓட்டினவர் "40லதான் சார் வந்தேன்"னு சொல்றாரா, இந்தக் கணக்க போட்டுப் பாத்துட்டு அப்புறம் பேசுங்க.

அடுத்தது ரோட்டுல ஒழுகின ஆயில். இடிச்ச எடத்துல குளமா இருந்தா அது ரேடியேட்டர், இன்ஜின், இடியில உடைஞ்சது. இடிச்ச எடத்துக்கு முன்னாடியே சொட்டு சொட்டா வந்திருந்தா அது தங்கம், விட்டுடாதீங்க, பக்கத்துல ஒரு பேனாவோ செருப்போ வெச்சு அளவு தெரியற மாதிரி படம் எடுங்க. அதே மாதிரி தார் ரோட்ட இரும்பு கீறின பள்ளம் இடிச்ச எடத்துக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருந்தா, டயர் காத்து போய் ரிம்மு தரையில ஓடியிருக்கு, இல்ல கீழ ஏதோ பார்ட் கழண்டு தொங்கியிருக்கு.

அப்புறம் வண்டிக்குள்ள. யாரையும் எதையும் தொட விடாதீங்க. சாவி எந்த பொசிஷன்ல இருக்கு, கியர் எதுல இருக்கு, ஹேண்ட்பிரேக் இழுத்திருக்கா, டாஷ்போர்டுல என்ன லைட் எரியுது, எல்லாம் படம். முக்கியமா ஓட்டறவர் கால் வெக்கிற எடம். நான் சொல்றது சிரிப்பா இருக்கும், ஆனா பிரேக் பெடலுக்கு அடியில உருண்டு போய் மாட்டின வாட்டர் பாட்டில், அதுவும் இல்லன்னா மடிஞ்சு போய் ஆக்சிலேட்டரப் புடிச்சுக்கிட்ட மேட், இந்த ரெண்டும் ஆள கொன்னிருக்கு. 2009ல கலிஃபோர்னியாவுல ஒரு லெக்ஸஸ் கார், சர்வீஸ் சென்டர் தற்காலிகமா குடுத்த வண்டி, வேற மாடலோட மேட்ட அதுல போட்டிருந்தாங்க, அது ஆக்சிலேட்டர் பெடல புடிச்சுக்கிட்டதுல நாலு பேர் செத்துப் போனாங்க. அதுக்கப்புறம் டொயோட்டா லட்சக்கணக்குல வண்டிங்கள திரும்பக் கூப்பிட்டுது. மக்கள் கம்ப்யூட்டர் கோளாறுன்னு கத்தினாங்க, நாசா எஞ்சினியர்கள் வரைக்கும் பாத்து 2011ல எலக்ட்ரானிக்ஸ்ல அப்படி ஒரு காரணம் தெரியலன்னு அறிக்கை குடுத்தாங்க. மேட்டு, ஒட்டிக்கிட்டு நிக்கிற பெடல், காலத் தப்பா வெச்சது, இதுங்கதான்.

ரெக்கவரி வண்டி வர்றதுக்குள்ள நாலு சக்கரமும் தனித்தனியா, டயரும் ரிம்மும் தெரியற மாதிரி எடுத்துடுங்க. ஏன் இவ்வளவு அவசரம்னா, ரெக்கவரிக்காரங்க கொக்கிய டை ராடுல (ஸ்டியரிங்கையும் சக்கரத்தையும் சேக்குற கம்பி) மாட்டி இழுப்பாங்க, லாக் ஆன சக்கரத்த தரதரன்னு இழுத்துட்டுப் போவாங்க, அவங்கள குத்தம் சொல்ல முடியாது, ரோட்ட சீக்கிரம் திறந்து விடணும். ஆனா அப்புறம் பாக்கும்போது வளைஞ்ச டை ராடு ஆக்சிடென்ட்ல வளைஞ்சுதா கொக்கியில வளைஞ்சுதான்னு சண்டை வரும், அப்ப இந்த போட்டோதான் பேசும்.

ஓட்டினவர்கிட்ட கேக்குறது

அன்னிக்கு சாயங்காலமே, இல்ல மறுநாள், ஆள் தெளிவா இருக்கும்போது தனியா உக்கார வெச்சு கேளுங்க, போன்ல ரெக்கார்ட் பண்ணுங்க. "பிரேக் ஃபெயிலா?"ன்னு கேக்காதீங்க, ஆமான்னுதான் சொல்லுவாங்க. பெடல் எப்படி இருந்துச்சுன்னு கேளுங்க. இந்த ஒரு கேள்விக்கு மூணு விதமா பதில் வரும், மூணும் மூணு வியாதி.

பெடல் பஞ்சு மாதிரி அமுங்கி கீழ போச்சு, திரும்பத் திரும்ப அமுக்கினா கொஞ்சம் மேல வந்துச்சுன்னா லைன்ல காத்து, இல்ல ஆவி. மெதுவா எறங்கி தரையத் தொட்டுடுச்சுன்னா எங்கயோ லீக், இல்ல மாஸ்டர் சிலிண்டர் (பெடல மிதிச்சா பிரேக் ஆயில லைனுக்குத் தள்ளுற பார்ட்) உள்ள சீல் போயிடுச்சு. பெடல் கட்டை மாதிரி கெட்டியா இருந்துச்சு, மிதிச்சும் நிக்கலன்னா பூஸ்டருக்கு (நம்ம கால் அழுத்தத்த கூட்டிக் குடுக்கற பார்ட்) வேக்குவம் வரல, இல்லன்னா பேடு (டிஸ்க இறுக்கிப் புடிக்கிற கட்டை) சூடாகி வழுக்க ஆரம்பிச்சுடுச்சு. இதை டிரைவருக்கு முன்னாடியே சொல்லிக் குடுத்துடாதீங்க, அப்புறம் எது வசதியோ அதை சொல்லுவாங்க. அதுக்கு முந்தின பத்து நிமிஷம் என்ன ஆச்சு, ஏதாவது சத்தம், கருகின வாசனை, ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுத்துச்சா, எந்த கியர்ல எறங்கினீங்க, இதெல்லாம் கேளுங்க. எங்க தம்பிகிட்ட கேட்டப்ப கொஞ்சம் தயங்கிட்டு சொன்னான், பெட்ரோல் மிச்சம் பண்ணலாம்னு மேல இருந்தே நியூட்ரல்ல உருட்டிட்டு வந்தேன்னு.

பிரேக்

இனி அந்த ஏற்காடு கதைக்கு வர்றேன். நியூட்ரல்ல எறக்கினா இன்ஜின் இழுத்துப் புடிக்காது, மொத்த வண்டியையும் பிரேக்குதான் தாங்கணும், பேடும் டிஸ்கும் பழுக்கற அளவுக்கு சூடாகும், அந்த சூடு காலிப்பர் (பேட டிஸ்க் மேல அமுக்குற பார்ட்) வழியா பிரேக் ஆயிலுக்குப் போகும். பிரேக் ஆயில் காத்துல இருக்குற ஈரத்த உறிஞ்சுற ஜாதி. டாட் 3 ஆயில் புதுசா இருக்கும்போது கொறஞ்சது 205 டிகிரி வரைக்கும் கொதிக்காது, ஈரம் ஏறிட்டா அது 140க்கு எறங்கிடலாம். டாட் 4ன்னா 230, ஈரம் ஏறினா 155. ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாத்தணும்னு புக்குல போட்டிருக்கும், நம்மாளுங்க யாரு மாத்துறா, கொறஞ்சா ஊத்துறதோட சரி. கொதிச்சதும் லைனுக்குள்ள ஆவி, ஆவிய அமுக்கினா அமுங்கும், பெடல் கீழ போயிடும். வண்டி நின்னு அரை மணி நேரம் ஆறிட்டா ஆவி மறுபடி திரவமாயிடும், பெடல் பழைய மாதிரி கெட்டியாயிடும். நாலு நாள் கழிச்சு வந்த பிரேக் இன்ஸ்பெக்டருக்கு அது எப்படித் தெரியும்?

ஆனா தடயம் இருக்கும், பெடல்ல இல்ல, வேற எடத்துல. டிஸ்க் நீலம் பாரிச்சுப் போயிருக்கும், பேடு மேல கண்ணாடி மாதிரி பளபளப்பா ஒரு பரப்பு வந்திருக்கும், இல்ல ஓரம் வெளுத்து பொடியும், காலிப்பர் பிஸ்டன சுத்தி இருக்குற ரப்பர் கருகியிருக்கும். ரிசர்வாயர்ல (பிரேக் ஆயில் ஊத்துற டப்பா) இருந்தும், முடிஞ்சா காலிப்பர் பக்கத்துல இருந்தும் ஆயில் சாம்பிள் எடுத்து சுத்தமான காஞ்ச கண்ணாடி பாட்டில்ல இறுக்கி மூடி வெச்சு கொதிநிலை டெஸ்ட் பண்ணலாம். பேனா மாதிரி ஒரு டெஸ்டர் கெடைக்கும், அது மேலோட்டமா ஒரு அறிகுறி காட்டும், அவ்வளவுதான், கோர்ட்ல அதை நம்பாதீங்க. ஊட்டி கல்லட்டி, கொல்லிமலை, வால்பாறை, இப்படி எறக்கத்துல நடந்த எந்த ஆக்சிடென்ட்டுக்கும் இதைத்தான் நான் மொதல்ல பாப்பேன். இதுல இன்னொரு விஷயம், இது வண்டிக் கோளாறா ஓட்டினவர் தப்பா? எனக்குக் கேட்டா ரெண்டும். ஆயில் மாத்தாததும் காரணம், நியூட்ரலும் காரணம். எங்க தம்பி கேஸ்ல அதான் முடிவாச்சு, அவனுக்குப் புடிக்கல.

லீக்னு சந்தேகம்னா, கார்ல பிரேக் லைன் ரெண்டு தனி சர்க்யூட்டா இருக்கும்னு ஞாபகம் வெச்சுக்கோங்க. ஒரு ஹோஸ் வெடிச்சாலும் இன்னொரு பாதி வேலை செய்யணும், பெடல் ரொம்ப கீழ போகும், வண்டி நிக்க நேரமாகும், ஆனா மொத்தமா இல்லாமப் போகாது. அதனால "ஒரு ஹோஸ் போச்சு, சுத்தமா பிரேக்கே இல்ல"ன்னு சொன்னா கூடவே மாஸ்டர் சிலிண்டரையும் பாக்கணும், இல்ல லீக் ரொம்ப நாளா இருந்து ரிசர்வாயரே காலியாகியிருக்கணும். பழைய லீக்கா புது லீக்கான்னு தூசி சொல்லும். ரொம்ப நாள் ஒழுகின எடத்துல மண்ணும் ஆயிலும் சேந்து கெட்டியா அப்பியிருக்கும், சக்கரத்தோட உள்பக்கம் ஈரக்கறை படிஞ்சிருக்கும். இடியில கிழிஞ்சதுன்னா கிழிசல் சுத்தமா, புதுசா, பக்கத்துல உடைஞ்சு வளைஞ்ச இரும்போட ஒட்டிப் போற மாதிரி இருக்கும்.

பூஸ்டர் டெஸ்ட் வீட்லயே தெரிஞ்சுக்கலாம், ஆனா இன்ஜின் ஸ்டார்ட் ஆகுற நிலையில இருந்தாத்தான், அதுவும் எல்லா தரப்பும் பாத்ததுக்கு அப்புறம்தான். இன்ஜின் ஆஃப்ல பெடல நாலஞ்சு தடவை மிதிச்சு கெட்டியாக்கிட்டு, கால வெச்சபடியே ஸ்டார்ட் பண்ணா பெடல் லேசா கீழ எறங்கணும். எறங்கலன்னா பூஸ்டரோ வேக்குவம் ஹோஸோ சரியில்ல.

டயர், சக்கரம், ஸ்டியரிங்

டயர் வெடிச்சதால ஆக்சிடென்ட்டா, ஆக்சிடென்ட்டால டயர் வெடிச்சுதா. ஹைவேல பாதி கேஸ் இந்த சண்டைதான். டயர ரிம்முல இருந்து கழட்டி உள்ள பாக்காம எதுவும் சொல்ல முடியாது. காத்து கம்மியா இருந்து ரொம்ப தூரம் ஓடின டயர்ல உள்பக்கம் சைடுவால்ல (டயரோட பக்கச் சுவர்) சுத்திலும் ஒரு வளையம் மாதிரி தேஞ்சு ரப்பர் பொடிப்பொடியா இருக்கும், அது ஒரு நொடியில இடிச்சு வர்றது இல்ல, கிலோமீட்டர் கணக்கா ஓடினாத்தான் வரும். காத்து கம்மின்னா சைடுவால் மடங்கி மடங்கி சூடாகும், டயர் வெடிக்கிறதுக்கு ரொம்ப சாதாரண காரணம் அதுதான், நம்மாளுங்க வெயில்ல வெடிச்சுதுன்னு சொல்லுவாங்க. பள்ளத்துலயோ சென்டர் மீடியன்லயோ இடிச்சு வெடிச்சதுன்னா ஒரே எடத்துல கிழிசல் இருக்கும், அதே எடத்துல ரிம்மும் நசுங்கியிருக்கும், ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்தா பொருந்தும். பட்டன் (டயர்ல ரோட்டத் தொடுற மேல் ரப்பர்) தனியா உரிஞ்சு போயிருந்தா தயாரிப்புக் கோளாறா இருக்கலாம், பழசா இருக்கலாம், ரீட்ரெடா (பழைய டயர்ல புது பட்டன் ஒட்டினது) இருக்கலாம். டயரோட வயச சைடுவால்ல நாலு நம்பரா அச்சடிச்சிருக்கும், 2319ன்னா 2019ம் வருஷம் 23வது வாரம். பட்டன் ஆழம் சட்டப்படி கார்ல 1.6 மில்லிமீட்டருக்குக் கீழ போகக் கூடாது.

சக்கரமே கழண்டு ஓடியிருந்தா போல்ட் ஓட்டையப் பாருங்க. ஓட்டை முட்டை வடிவமா இழுத்து, உள்ள பளபளன்னு தேஞ்சிருந்தா நட்டு லூசாகி கொஞ்ச தூரம் ஆடிட்டே ஓடியிருக்கு, இடியில அப்படி ஆகாது. பஞ்சர் கடையிலயோ சர்வீஸ்லயோ சமீபத்துல டயர கழட்டி மாட்டினாங்களான்னு உடனே கேளுங்க.

ஸ்டியரிங், பால் ஜாயின்ட், டை ராடு, ஆக்சில் இதெல்லாம் உடைஞ்சிருந்தா உடைஞ்ச முகம்தான் சாட்சி. ஒரே அடியில உடைஞ்ச இரும்பு புதுசா, சொரசொரன்னு, ஒரே நிறமா இருக்கும், பக்கத்துல வளைஞ்சும் இருக்கும். ரொம்ப நாளா விரிசல் விட்டு விட்டு உடைஞ்சதுன்னா ஒரு பாதி வழவழப்பா, பழுப்பா துரு ஏறி, கடற்கரை மண்ணுல அலை வந்து போன கோடு மாதிரி வளைவு வளைவா வரி இருக்கும், கடைசியில மிச்சமிருக்கற கொஞ்சம் மட்டும் புதுசா உடைஞ்சிருக்கும். இந்த வரியப் பாத்தாலே மெட்டலர்ஜி படிச்சவங்க கதைய சொல்லிடுவாங்க. அதனால தயவு செஞ்சு உடைஞ்ச ரெண்டு துண்டையும் "இப்படித்தான் இருந்துச்சு"ன்னு ஒட்ட வெச்சுப் பாக்காதீங்க, அந்த வரி நசுங்கிப் போயிடும். கழுவாதீங்க, பிரஷ் போடாதீங்க. ரெண்டு துண்டையும் தனித்தனியா, ஈரம் படாம பொட்டலம் கட்டி, மேல தேதி எழுதி, யார் கழட்டினாங்க யார் பக்கத்துல இருந்தாங்கன்னு கையெழுத்து வாங்கி வெச்சுடுங்க.

பவர் ஸ்டியரிங் போயிடுச்சுன்னு சொல்றவங்களுக்கு: அது போனாலும் ஸ்டியரிங் திரும்பும், பாரமா இருக்கும், அவ்வளவுதான். சாவிய கழட்டினாத்தான் லாக் ஆகும்.

ராத்திரி ஆக்சிடென்ட்ல எதிர் வண்டிக்கு லைட் எரியலன்னு சந்தேகம்னா பல்ப எடுத்து வெக்கச் சொல்லுங்க. எரிஞ்சிட்டு இருந்தப்ப இடி வாங்கின இழை சூட்டுல இழுபட்டு சுருள் பிரிஞ்சு நீண்டிருக்கும், கண்ணாடி உடைஞ்சிருந்தா இழை மேல வெள்ளையாவோ மஞ்சளாவோ பூத்திருக்கும். எல்இடின்னா இந்த வித்தை பலிக்காது.

வண்டிக்குள்ள இருக்குற ஞாபகம்

ஏர்பேக் இருக்குற நெறைய வண்டியில அந்த ஏர்பேக் கண்ட்ரோல் பெட்டியே இடிக்கிறதுக்கு முந்தின சில நொடிய, பொதுவா 5 நொடி, பதிஞ்சு வெச்சிருக்கும்: வேகம் எவ்வளவு, பிரேக் மிதிச்சாங்களா, ஆக்சிலேட்டர் எவ்வளவு அமுங்கியிருந்துச்சு. எல்லா மாடல்லயும் இருக்காது, இருந்தாலும் வெளிய இருந்து எடுக்க முடியுமான்னு மாடலப் பொறுத்தது. கம்பெனிகிட்ட எழுத்துல கேளுங்க. அதுவரைக்கும் பேட்டரியக் கழட்டி விட்டுட்டு, யாரும் ஸ்கேனர் மாட்டி "எரர் க்ளியர்" பண்ணாம பாத்துக்கோங்க. ஒர்க்‌ஷாப் பசங்க பழக்கதோஷத்துல முதல்ல அதைத்தான் பண்ணுவாங்க. ஆட்டோமேட்டிக் வண்டி தானா பாஞ்சுதுன்னு சொல்ற கேஸ்ல இந்த ரெக்கார்டுதான் எல்லாம், பிரேக்னு நெனச்சு ஆக்சிலேட்டர மிதிச்சிருந்தா அதுல 100 சதவீதம்னு பச்சையா தெரிஞ்சுடும்.

பிரேக் இன்ஸ்பெக்டர் வர்றதுக்கு முன்னாடி

மோட்டார் வாகனச் சட்டம் 136வது பிரிவுப்படி அரசு அதிகாரம் குடுத்தவர் ஆக்சிடென்ட் ஆன வண்டிய சோதிக்கலாம், வேற எடத்துக்கு எடுத்துட்டுப் போனா அது எங்கன்னு ஓனர்கிட்ட சொல்லணும், வேலை முடிஞ்சு 24 மணி நேரத்துல வண்டிய திருப்பிக் குடுக்கணும். நம்ம ஊர்ல அது மோட்டார் வாகன ஆய்வாளர், அதாவது பிரேக் இன்ஸ்பெக்டர். அவருக்கு ஒரு நாளைக்கு எத்தனையோ வண்டி, உங்க வண்டிக்கு பத்து நிமிஷம் கெடைச்சா பெரிசு. அதனால அவர் வர்றதுக்கு முன்னாடியே ஸ்டேஷன்ல ஒரு மனு குடுங்க, ரசீது வாங்குங்க, ஒரு காப்பி ஆர்டிஓ ஆபீஸுக்கும். மனுவுல "வண்டிய நல்லா சோதிக்கவும்"னு எழுதினா பிரயோஜனம் இல்ல. பிரேக் ஆயில் சாம்பிள் எடுக்கணும், முன் இடது சக்கரத்த கழட்டி பேடையும் ஹோஸையும் பாத்து போட்டோ எடுக்கணும், இப்படி பார்ட் பேர் சொல்லி எழுதுங்க. எழுத்துல இருந்தா அவர் அதைப் பத்தி ரெண்டு வரியாவது எழுதியாகணும். ரிப்போர்ட் வந்ததும் காப்பி வாங்குங்க. குடுக்கலன்னா 10 ரூபா கட்டி ஆர்டிஐல கேளுங்க.

கூடவே வண்டியோட சரித்திரத்த தோண்டுங்க. கடைசி ரெண்டு மூணு வருஷ ஜாப் கார்டு, பில், பார்ட் வாங்கின ரசீது. என் அனுபவத்துல, போன மாசம் யாராவது கை வெச்ச எடத்துலதான் இந்த மாசம் கோளாறு வரும், அங்கதான் முதல்ல தேடணும். கம்பெனி வெப்சைட்ல சேசிஸ் நம்பரப் போட்டா அந்த வண்டிக்கு ரீகால் (கோளாறுக்காக கம்பெனி வண்டிய திரும்பக் கூப்பிடறது) ஏதாவது பாக்கி இருக்கான்னு தெரியும், இதுக்கு ரெண்டு நிமிஷம்தான் ஆகும், ஆனா யாருமே பாக்குறதில்ல.

கோளாறுன்னே தெரிஞ்சா

கோளாறுன்னு தெரிஞ்சதும் ஓனர் தப்பிச்சிட்டாருன்னு நெனைக்காதீங்க. சுப்ரீம் கோர்ட் 1977லயே மினு மேத்தா வழக்குல சொல்லிடுச்சு, அந்தக் கோளாறு வெளிய தெரியாத மறைவான கோளாறு, நியாயமான கவனத்தோட பாத்திருந்தாலும் கண்டுபுடிச்சிருக்க முடியாதுன்னு ஓனர்தான் காட்டணும். சர்வீஸே பண்ணாத வண்டியில பிரேக் போனா அது உங்க கவனக்குறைவுதான். அதனாலதான் அந்த பில்லுங்க.

தப்பு பார்ட்லயோ சர்வீஸ்லயோன்னு தோணினா ஒர்க்‌ஷாப்ல வேலை ஆரம்பிக்க விடாதீங்க. கம்பெனி, டீலர், இன்சூரன்ஸ் எல்லாருக்கும் ஸ்பீட் போஸ்ட்ல நோட்டீஸ் அனுப்பி, இந்தத் தேதியில எல்லாரும் சேந்து வண்டியப் பாக்கலாம்னு கூப்பிடுங்க. வரலன்னாலும் கூப்பிட்டதுக்கு ஆதாரம் இருக்கும். நீங்களா தனியா கழட்டிப் பாத்துட்டு அப்புறம் சொன்னா, நீங்கதான் உடைச்சீங்கன்னு சொல்லிடுவாங்க. உடைஞ்ச பார்ட்ட என்ஏபிஎல் (லேப்களுக்கு அங்கீகாரம் குடுக்கற தேசிய அமைப்பு) அங்கீகாரம் இருக்குற மெட்டலர்ஜி லேப்ல குடுக்கலாம், சென்னை, கோயம்புத்தூர்ல இருக்கு. லைசென்ஸ் இருக்குற இன்சூரன்ஸ் சர்வேயரோ, ரிட்டயர் ஆன மோட்டார் வாகன ஆய்வாளரோ, ஆட்டோமொபைல் சொல்லித் தர்ற பேராசிரியரோ தனியா ரிப்போர்ட் தருவாங்க.

உடைஞ்சதோட ஒரு புது பார்ட்டும் வாங்கி பக்கத்துல வெச்சுப் பாருங்க. அமெரிக்காவுல 2010ல ஜார்ஜியா மாநிலத்துல ஒரு பொண்ணு ஷெவர்லே கோபால்ட் கார்ல செத்துப் போனாங்க, மழை ரோடு, வேகம்னு நெனச்சாங்க. வண்டியோட ஏர்பேக் பெட்டி ரெக்கார்டுல பாத்தா ஓடிட்டு இருக்கும்போதே சாவி தானா ஒரு பொசிஷன் பின்னாடி போயிருக்கு, அப்படிப் போனா இன்ஜின் ஆஃப். வக்கீல் வெச்ச எஞ்சினியர் வண்டியில இருந்த இக்னிஷன் ஸ்விட்சையும் கடையில புதுசா வாங்கின ஸ்விட்சையும் பிரிச்சு ஒப்பிட்டாரு. ரெண்டுக்கும் பார்ட் நம்பர் ஒண்ணுதான், ஆனா உள்ள இருக்குற சின்ன பின்னும் ஸ்பிரிங்கும் வேற வேற. கம்பெனி சத்தமில்லாம பார்ட்ட மாத்தியிருக்குன்னு அங்கதான் தெரிஞ்சுது. 2014ல ஜெனரல் மோட்டார்ஸ் 26 லட்சம் வண்டிய திரும்பக் கூப்பிட்டுது, நஷ்ட ஈட்டுக் கணக்குல 124 சாவு வந்துது.

இன்சூரன்ஸ்ல ஒரு குழப்பம் எல்லாருக்கும் உண்டு. ஓன் டேமேஜ் பாலிசி (நம்ம வண்டி சேதத்துக்கான இன்சூரன்ஸ்) மெக்கானிக்கல் பிரேக்டவுனுக்கும் தேய்மானத்துக்கும் காசு தராது. அதுக்காக ஆக்சிடென்ட் க்ளைமே போச்சுன்னு அர்த்தம் இல்ல, தானா உடைஞ்ச அந்த பார்ட்டுக்குத்தான் காசு இல்ல, அதனால இடிச்சு நொறுங்கினது ஆக்சிடென்ட் டேமேஜ்தான். டயர் மட்டும் தனியா போனா கெடையாது, வண்டியும் சேந்து அடிபட்டிருந்தா பாதி. சர்வேயர் வேற மாதிரி சொன்னா எழுத்துல கேளுங்க, பாதிப் பேர் எழுத்துன்னதும் எறங்கி வருவாங்க.

அடிபட்டவங்க இழப்பீடு கேக்குறதுக்கு சட்டத்துல இப்ப 6 மாசம்தான், 2022 ஏப்ரல்ல இருந்து. பார்ட் மேல, சர்வீஸ் மேல கேஸ்னா 2019 நுகர்வோர் சட்டத்துல தயாரிப்புப் பொறுப்புன்னு தனி அத்தியாயமே இருக்கு, 2 வருஷத்துக்குள்ள போடணும், வழி தெரியலன்னா நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு அடிச்சு கேளுங்க. கடைசியா இந்த டோட்டல் லாஸ். வண்டி முழுசா போச்சு, பணத்த வாங்கிக்கோங்கன்னு இன்சூரன்ஸ் கம்பெனி சொல்லும், பணம் வந்த சந்தோஷத்துல கையெழுத்து போட்டுடுவீங்க, வண்டிய ஸ்கிராப்காரர் தூக்கிட்டுப் போயிடுவார், ஒரே வாரத்துல துண்டு துண்டா ஆயிடும். கையெழுத்துக்கு முன்னாடி இன்சூரன்ஸ்காரங்ககிட்ட எழுத்துல கேட்டு சந்தேகப்பட்ட பார்ட்ட மட்டும் எல்லார் முன்னாடியும் கழட்டி வாங்கிடுங்க. எங்க தம்பி வண்டியோட காலிப்பரும் பேடும் இன்னும் எங்க வீட்டு பரண் மேல ஒரு பிஸ்கட் டின்னுல இருக்கு, அப்பீல் முடியறவரைக்கும் தூக்கிப் போடாதன்னு வக்கீல் சொல்லியிருக்காரு.